சாதாரண வாசகர் நாற்காலி

தாம்பரத்தைச் சுற்றிச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. குடியிருப்போர் சங்கம், நடைப்பயிற்சிச் சங்கம், நடைப்பயிற்சிச் சங்கத்தோடு கோபித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பவர்கள் சங்கம் என்று எல்லாம் உண்டு. ஆனால் ஒரு புத்தகம் நல்லதா கெட்டதா என்று ஊருக்குச் சொல்லும் அதிகாரத்தைத் தானே எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொண்ட சங்கம் ஒன்றே ஒன்றுதான். புறநகர் வாசகர் கருத்துப் பேரவை என்று பெயர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் கூடும். முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் கூட்டம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மாறும். அதனால் இலக்கியத்துக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை என்று தலைவர் சவுரிமுத்து சொல்வார்.

பம்மலில் குடையும் ரெயின்கோட்டும் ஸ்கூல் பையும் விற்கிற அத்தாவுல்லாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அவரே பல தடவை கேட்டுக்கொண்டதுதான். ஒருநாள் கம்பி ஒடிந்த குடையோடு கடைக்கு வந்த சவுரிமுத்து, கல்லாவில் உட்கார்ந்து அத்தாவுல்லா ஒரு வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பாய், நீங்க புக்கெல்லாம் படிப்பீங்களா?"

"மழை இல்லேன்னா வேற என்ன சார் வேலை?"

அவ்வளவுதான் பேச்சு. பேரவையின் விதிப்படி ஒரு சாதாரண வாசகர் கட்டாயம் இருந்தாக வேண்டும். முந்தைய சாதாரண வாசகர் கவிதைத் தொகுப்பு ஒன்று போட்டுத் தன் சாதாரணத் தகுதியை இழந்திருந்தார். இடம் காலி. மற்ற உறுப்பினர்களுக்குக் கைவைத்த நாற்காலி. சாதாரண வாசகருக்குக் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி, வரிசையின் கடைசியில். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக அத்தாவுல்லா போய் அதில் உட்கார்ந்தார்.

முதல் கூட்டத்துக்கு அவர் அந்த மாதத்துப் புத்தகத்தை விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போனார். பக்கத்திலிருந்த செயலாளர் ஜோதிலட்சுமியிடம், "நடுவில கொஞ்சம் இழுவையா இருக்குல்ல மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான அந்த அம்மாள், யாரோ செருப்புக் காலோடு சமையலறைக்குள் வந்துவிட்டது போலப் பார்த்தார்.

"பாய், முதல் தடவைங்கிறதால நான் யார்கிட்டேயும் சொல்லல. இங்க யாரும் படிச்சிட்டு வர்றதில்ல. படிச்சவங்களுக்கு ஒரு சார்பு வந்துடும். நடுநிலை போயிடும்."

பேரவையின் பழைய வரலாறு அப்புறம்தான் தெரிந்தது. ஆதியில் எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். ஒரு நாவலை இருவர் படித்துவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொல்லப்போய், பேச்சு வளர்ந்து, சாம்பார் வாளி கவிழ்ந்து, பேரவையே இரண்டாக உடைந்ததாம். அதற்குப் பிறகு வந்ததுதான் உறுதிமொழி. கருத்துச் சொல்ல எழுபவர் வலது கையை உயர்த்தி, "இந்நூலை நான் படிக்கவில்லை என்று சபையறிய உறுதி கூறுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். அன்றிலிருந்து கருத்து வேறுபாடே இல்லை.

அத்தாவுல்லாவுக்கு இது பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் போய்விட்டது. போண்டா நன்றாக இருக்கும். பம்மல் மெயின் ரோட்டில் அவரைப் 'பேரவை பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கூட முன்சீட்டில் ஒதுங்கி இடம் கொடுத்தார். ஊரோடு ஒத்து வாழ்கிற ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் 'நீலச்செதில்' வந்து விழுந்தது.

கொண்டுவந்தவள் மகள் அனம். காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் படிப்பு. எழுதியவள் அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் துர்கா. பொழிச்சலூரில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள். முத்தாலம்மாளின் சொந்தமெல்லாம் கோவளத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில். அத்தாவுல்லா வீட்டுக்குப் பல வருஷமாக மீன் அவளிடம்தான். அந்தப் பொண்ணா புத்தகம் போட்டிருக்கிறாள் என்று ஆச்சரியப்பட்டு, சும்மா முதல் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய கையை எடுக்க முடியவில்லை.

கதை இதுதான். கடலுக்கடியில் ஓர் இளவரசன். உடம்பெல்லாம் நீலச்செதில். அவன் ஒரு பொய் சொன்னால் ஒரு செதில் உதிரும். எல்லாம் உதிர்ந்துவிட்டால் கடலுக்கு அவனை அடையாளம் தெரியாது; கரையில் தள்ளிவிடும். அவன் காதலிப்பது வெண்மணி என்கிற குப்பத்துப் பெண்ணை. அவளையும் அவள் ஊரையும் காப்பாற்ற அவன் பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லி, கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு செதில் மிச்சம். கடலரசன் சபையைக் கூட்டி, வெண்மணியை எதிரில் நிறுத்தி, மகனிடம் கேட்கிறான்: "இவளை உனக்குத் தெரியுமா?" இளவரசன் வாய் திறக்கிறான். முதல் பாகம் முற்றிற்று.

தாடி நரைத்த மனிதர், கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிற ரெயின்கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஸ்கூல் பை கேட்டு வந்த ஒரு தாய், கடையில் யாரோ விசும்புவது கேட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். சாப்பாடு கொண்டுவந்த அனம் வாசலிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல உள்ளே வந்தாள். புத்தகத்தை அவர் சின்னப் பிள்ளைகளின் ரெயின்கோட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். மனைவி பரிதா அதை அங்கிருந்து எடுத்து, படித்து, அழுது, அதே மடிப்பில் திருப்பி வைத்தது அவருக்குத் தெரியாது.

"அத்தா, ரெண்டாம் பாகத்தைப் போடணும்னா உங்க பேரவையோட நற்கருத்து வேணுமாம். பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. இந்த மாசம் அவ புக்குதான்" என்றாள் அனம்.

"அதுக்கென்னம்மா?"

"அங்க மனுஷன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நல்லதா நாலு வார்த்தை பேசுங்கத்தா."

"நான் பார்த்துக்கறேன்" என்றார் அத்தாவுல்லா. அந்த நொடியில் அவர் மனதாரத்தான் சொன்னார். இளவரசன் என்ன பதில் சொன்னான் என்று தெரியாமல் அவருக்கே சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று கடைசி வரிசையில் துர்காவும் அனமும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் முத்தாலம்மாள், பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையில், மடியில் ஒரு மஞ்சள் பையோடு. பைக்குள் பொன்னாடை. இதுவும் பேரவையின் வழக்கம்தான். நூலின் குறையைச் சிறப்பாக எடுத்துச் சொன்னவருக்கு நூலாசிரியரே தன் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும். எழுதுகிறவர்களுக்கு அகம்பாவம் வந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பொன்னாடையை நூலாசிரியரே வாங்கி வர வேண்டும்.

புத்தகம் ஒரு எவர்சில்வர் தட்டில், வெற்றிலை பாக்குக்கு நடுவே வந்தது. யாரும் தவறித் திறந்துவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது. தட்டு வரிசையாகக் கைமாறியது. ஒருவர் புத்தகத்தைக் கையில் ஏந்தி எடை பார்த்து, "பக்கம் அதிகம், கனம் குறைவு" என்றார். கைதட்டினார்கள்.

தலைவர் சவுரிமுத்து அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முகர்ந்து பார்த்தே கையெழுத்துப் போட்டுப் பழகியவர்.

"மீன் வாடை வருகிறது. ஆனால் நம் பேரவை சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளது. எனவே அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல் பெருந்தன்மையுடன் மன்னித்துவிட்டோம் என்று பதிவு செய்யுங்கள். வாடை இருந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள்."

கடைசி வரிசையில் முத்தாலம்மாள் தன் முந்தானை நுனியை மெல்ல எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதை அத்தாவுல்லா பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜோதிலட்சுமி எழுந்து வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார். "முப்பது வருஷம் தமிழாசிரியையா இருந்தவ நான். ஒரு நூலைத் திறக்காமலே உள்ள என்ன இருக்கும்னு சொல்லிடுவேன். பிள்ளைங்க விடைத்தாளையே அப்படித்தான் திருத்தினேன், ஒருத்தர் குறை சொன்னதில்ல. அட்டையில பாருங்க, கதாநாயகி தலை பின்னல. தலையே பின்னாதவ வேற எதுல ஒழுங்கா இருப்பா? உள்ள முத்தக் காட்சிகள் நிறைஞ்சு வழியுது. இளைய சமுதாயம் என்ன ஆகும்?"

"முத்தமே இல்லீங்களே மேடம்!" என்றது ஒரு குரல். "அவன் தொட்டா அவ கை உப்பாக் கரிக்கும்னுதானே தள்ளியே நின்னு..."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அத்தாவுல்லாவுக்குத் தெரிவதற்குள் கூடம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. போண்டாவைக் கடித்தவர் மெல்லாமல் நிறுத்தினார்.

சவுரிமுத்து மெல்ல எழுந்தார். "சாதாரண வாசகரே, இந்தப் புத்தகத்தை உங்களுக்குத் தெரியுமா?"

அதே கேள்வி. கடைசி வரிசையில் துர்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அனம் சிரித்த முகத்தோடு, 'சொல்லுங்கத்தா' என்று தலையசைத்தாள். 'தெரியும் சார், படித்தேன், இரண்டு தடவை படித்தேன், அழுதேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாற்காலி போகும், அவ்வளவுதானே? அதுவும் கையில்லாத நாற்காலி. பேரவை பாய் என்கிற பெயர் போகும். குடைக்கடைக்காரர் காதல் கதை படித்துக் கண்ணீர் விட்டாராம் என்று பம்மல் ஒருவாரம் சிரிக்கும். பிறகு மறந்துவிடும்.

"தெரியாதுங்க" என்றார். "சும்மா, அட்டையைப் பார்த்து ஒரு ஊகத்துல சொன்னேன்."

"அப்படியானால் உறுதிமொழி எடுத்துவிட்டுக் கருத்தைச் சொல்லலாமே."

வலது கை தானாக எழுந்தது. இந்நூலை நான் படிக்கவில்லை என்று சபையறிய உறுதி கூறினார். அல்லாவின் பேரில் சொல்லச் சொல்லவில்லையே என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் ஆறுதல் தேடினார். அந்த ஆறுதலே கேவலமாக இருந்தது.

சந்தேகம் வந்துவிட்ட சபை. பாராட்டினால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. "நான் குடை விக்கிறவன். கடலுக்கடியில அரண்மனைன்னு அட்டையில போட்டிருக்கு. அங்க போய் நான் கடை போட்டா குடை விக்குமா?" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு வந்ததும் பயம் கொஞ்சம் விலகியது. விலகிய இடத்தில் உற்சாகம் வந்து உட்கார்ந்தது. "இந்த மாதிரி எழுதறத விட்டுட்டு அந்தப் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சா, ஊருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது" என்று முடித்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நற்கருத்துக் கிடையாது என்கிற மறுகருத்து ஏகமனதாக நிறைவேறியது. சிறந்த குறைகூறலுக்கான பொன்னாடை சாதாரண வாசகருக்கு என்று அறிவித்தார்கள். பேரவை வரலாற்றில் அந்த நாற்காலிக்குக் கிடைத்த முதல் பொன்னாடை.

துர்கா மஞ்சள் பையோடு முன்னே வந்தாள். பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போர்த்தினாள். போட்டோவுக்காக இருவரும் திரும்பி நின்றபோது, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடைசி அத்தியாயத்துல ரொம்ப அழுதீங்கன்னு அனம் சொன்னா. தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். குரலில் கோபமே இல்லை. எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகி நின்ற அத்தாவுல்லா, போட்டோவில் மட்டும் நிமிர்ந்து தெரிந்தார்.

வாசலில் முத்தாலம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாய், பெரிய மனுசங்க பேசனது ஒண்ணியும் எனக்குப் புரியல. நீ பேசனதுக்குத்தான் அல்லாரும் கையத் தட்டுனாங்க. நம்ம பொண்ணு புக்கு நல்லா கீதுன்னு தானே சொன்னே?"

"ஆமாம்மா. நல்லாத்தான் சொன்னேன்" என்றார் அத்தாவுல்லா.

அனம் அவரோடு வரவில்லை. தனியாக பஸ் ஏறிப் போனாள். வீட்டில் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மட்டும், "இந்தாங்க" என்றாள். அத்தா என்ற சொல் அதில் இல்லை. பரிதா பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னத்தைத் தேடறீங்க? நமக்கெல்லாம் செதில் இருந்தா இன்னிக்கு நான் வீடு பூராவும் பெருக்கித் தள்ளணும்" என்றாள்.

"நீயும் படிச்சியா?"

"படிச்சேன். நான் யார்கிட்டேயும் படிக்கலன்னு சொல்லல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. கடையில் யாராவது குடையை விரித்துப் பார்த்தால் கூடத்தில் எழுந்த சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்தாலம்மாள் வேறு, அவர் போகிற போதெல்லாம் வாங்கியதற்கு மேல் ஒரு கை நெத்திலியை அள்ளிப் பையில் போட்டாள். "என் பொண்ணுக்காவப் பேசனியே பாய்." அந்த நெத்திலி வறுவல் வீட்டில் எல்லோருக்கும் இறங்கியது, அவரைத் தவிர.

பொறுக்க முடியாமல் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். "சார், நான் போன தடவை பொய் சொல்லிட்டேன். அந்தப் புத்தகத்தை நான் படிச்சேன். நல்ல புத்தகம் சார். அந்த மறுகருத்தை எடுத்துடுங்க."

சவுரிமுத்து கண்களை மூடித் திறந்தார்.

"பாய், பொய் சொன்னீர்கள். அது மனித பலவீனம். நாங்கள் எல்லோரும் அதில் அனுபவப்பட்டவர்கள், மன்னிக்கிறோம். ஆனால் படித்தீர்கள் என்கிறீர்களே, அதை எப்படி மன்னிப்பது? ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டால் நாளைக்கு இன்னொன்றைப் படிக்கத் தோன்றும். அப்புறம் எது நல்லது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். பேரவை எதற்கு?"

"சரி சார். என்னை எடுத்துடுங்க. அந்தப் பொண்ணுக்காவது..."

"உங்கள் கருத்து நிற்கும். படித்த சாயலே இல்லாமல் அவ்வளவு நடுநிலையாக அமைந்த கருத்து. அதை இழக்கப் பேரவை தயாரில்லை."

"அந்தப் பொன்னாடையையாவது திருப்பிக் கொடுத்துடறேன்."

"விதியில் இடமில்லை" என்றார் ஜோதிலட்சுமி. கையில்லாத நாற்காலியை ஒருவர் எடுத்துக்கொண்டு போய் மற்ற நாற்காலிகளோடு அடுக்கினார்.

மறுநாள் அத்தாவுல்லா பொன்னாடையைப் பையில் போட்டுக்கொண்டு பொழிச்சலூருக்குப் போனார். வானம் கறுத்துக் கிடந்ததால் கடையிலிருந்து ஒரு குடையும் கூட வந்தது. முத்தாலம்மாளின் கடையில் கல்லூரி விடுமுறையென்று துர்காவும் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். செதில்கள் தெறித்துப் பறந்தன.

"இந்தாம்மா, இது உங்க வீட்டுப் பொன்னாடை."

"ஐய, குடுத்தத வாங்குவாங்களா? வெச்சுக்க பாய்" என்று முத்தாலம்மாள் பையை அவரிடமே தள்ளிவிட்டு, அடுத்து வந்த ஆளிடம் பேரம் பேசப் போனாள்.

அவர் துர்காவின் எதிரில் குந்தினார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். வாய் வேறொன்றைக் கேட்டது. "ரெண்டாம் பாகம்?"

"அச்சுல வராது அங்கிள். போன்ல எழுதி ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பறேன். ஹாஸ்டல்ல படிக்கிறாங்க."

"இளவரசன் என்ன பதில் சொன்னான்?"

"தெரியும்னு சொன்னான். உண்மையத்தான் சொன்னான்." துர்கா மீனைத் திருப்பிப் போட்டாள். "ஆனா அவன் சொன்னது நிசம்தானான்னு ராஜா சபைல கேக்கறாரு. அவங்க ரெண்டு பேரையும் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருக்காரு. புது கேரக்டர். கடலுக்கடியில குடை விக்கிறவரு."

அத்தாவுல்லா பொன்னாடைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "அவர் என்ன சொன்னாரு?"

"எல்லாரையும் சிரிக்க வெச்சாரு."

"அவருக்கு... அவருக்கும் செதில் உதிருமாம்மா?"

துர்கா கத்தியை நிறுத்தி முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "அவருக்குச் செதிலே கிடையாது அங்கிள். எவ்ளோ பொய் சொன்னாலும் எதுவும் உதிராது. அதுதான் அவரோட கஷ்டமே. அவர வெச்சு என்ன பண்றதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியல."

அவர் அந்தச் சங்கரா மீனையே நிறுக்கச் சொன்னார். மீனை வாங்கிக்கொண்டு எழுந்தார். முத்தாலம்மாள் ஓடிவந்து வழக்கம்போல ஒரு கை நெத்திலியை அள்ளிப் பையில் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் மழை பிடித்தது. பெரிய துளிகளாக விழுந்து, அவர் தாடியையும் சட்டையையும் பொன்னாடைப் பையையும் நனைத்தது. பின்னாலிருந்து முத்தாலம்மாள் உரக்கக் கத்தினாள்.

"இன்னா பாய், கையில கொடைய வெச்சுக்கினே நனைஞ்சிகினு போறே!"